கீழ்க்கிளையில் ஒரு கழுதை

டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளின் காதில் அதிகம் விழுகிற சொல் ‘தொடாதே’. நட்சத்திரத்தைத் தொடாதே, ஷாக் அடிக்கும். குடிலைத் தொடாதே, வைக்கோல் சரிஞ்சிரும். மரத்தில் தொங்குகிற கண்ணாடி உருண்டையைத் தொடாதே, உடைஞ்சா கையைக் கிழிச்சிரும். இது பிள்ளைகளின் பண்டிகை என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டே, பண்டிகைச் சாமான்கள் அத்தனையையும் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதுதான் நம் வழக்கம்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். டிசம்பர் பாதியில் பரணிலிருந்து தகரப்பெட்டி இறங்கும். உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய சுரூபங்கள்: மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஆடு, மாடு, கழுதை. பாலன் இயேசு மட்டும் அம்மாவின் அலமாரியில் தனியே இருக்கும். 24ஆம் தேதி நடுச்சாமப் பூசை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் அது குடிலுக்குப் போகும். குடிலுக்கு முன்னால் பசும்புல் வேண்டும் என்பதற்காகக் கேப்பையும் வெந்தயமும் தட்டில் முளைக்கப் போட்டிருப்போம். அதற்குத் தண்ணீர் தெளிப்பது பிள்ளைகள் வேலை. மற்றபடி எதன்மீதும் கை படக்கூடாது.

விதிவிலக்கு கழுதை. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அதன் இரண்டு காதும் போயிருந்தன. காது இருந்த இடத்தில் பிளாஸ்டர் வெள்ளையாகத் தெரியும். “இனி உடைய அதுல என்ன இருக்கு” என்று அப்பா அதை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டார். அதனால் குடிலில் கழுதையின் இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். கழுதை முற்றத்தில் கூழாங்கல் சுமந்துகொண்டிருக்கும், இல்லாவிட்டால் தம்பியின் தலையணைக்கு அடியில் தூங்கும். மூன்று ராஜாக்களின் முகம் இன்று எனக்கு மறந்துவிட்டது. கழுதையின் முதுகு வளைவு மறக்கவில்லை.

வேதாகமத்தைத் திறந்து பார்த்தால், இந்தக் கழுதைக்குக் குடிலில் இடமே கிடையாது. பிறப்பின் கதையைச் சொல்லும் மத்தேயுவும் சரி, லூக்காவும் சரி, மாட்டையோ கழுதையையோ குறிப்பிடவில்லை. தன் எஜமானை அறிந்த மாட்டையும் கழுதையையும் பற்றி எசாயா ஆகமத்தின் முதல் அதிகாரத்தில் வருகிறது. அதைத் திருச்சபையின் ஆதிகால ஆசிரியர்கள் பெத்லகேம் தொழுவத்தோடு பொருத்திக்கொண்டார்கள். 4ஆம் நூற்றாண்டின் கல்லறைப் பேழைச் சிற்பங்கள் சிலவற்றில் மாதாகூட இல்லை; குழந்தையும் மாடும் கழுதையும் மட்டும் இருக்கின்றன. 1223இல் அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். எழுத்தில் இல்லாமல் மக்கள் மனதால் உள்ளே வந்த மிருகம் இது. எனக்கு அதன்மேல் பிரியம் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு டிசம்பரில் போயிருந்தேன். பேரன் அப்போது கைக்குழந்தை. கெம்னிட்ஸுக்குத் தெற்கே, செக் நாட்டு எல்லையை ஒட்டி எர்ட்ஸ்கபிர்கே மலைகள் இருக்கின்றன. வெள்ளியும் தகரமும் தோண்டி வாழ்ந்த மலைநாடு அது. சுரங்கம் நொடித்துப்போக, ஊர் ஊராக மக்கள் மரக்கடைசலுக்கு மாறினார்கள். அங்கே சைஃபன் என்ற சிற்றூரில் தெரு முழுக்க மரப்பொம்மைக் கடைகள். சாயந்தரம் நாலு, நாலரை மணிக்கே இருட்டிவிடும். வீட்டுக்கு வீடு ஜன்னலில் வில்போல் வளைந்த விளக்குத்தண்டு எரியும். வாரக்கணக்கில் வெளிச்சத்தைக் காணாமல் சுரங்கத்தில் உழைத்த மக்கள் பனிக்காலத்தில் ஏன் இத்தனை விளக்கு ஏற்றினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. உலகம் முழுக்கத் தெரிந்த, வாயால் கொட்டை உடைக்கும் மரச் சிப்பாய் பொம்மையை 1870 வாக்கில் வில்ஹெல்ம் ஃபியூக்ட்னர் என்பவர் இன்றைய வடிவில் கடைந்ததும் இந்த ஊரில்தான்.

அங்கே உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நான் பார்த்த ஒரு வேலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஈரம் காயாத ஸ்ப்ரூஸ் மரத்தின் குறுக்குவெட்டு வட்டு ஒன்றைக் கடைசல் பட்டறையில் மாட்டிச் சுழல விடுகிறார்கள். கடைபவர் உளியால் முன்பக்கம் ஒரு பள்ளம், பின்பக்கம் ஒரு பள்ளம் என்று எடுத்துக்கொண்டே போகிறார். நமக்குத் தெரிவது ஏதோ மேடுபள்ளமான ஒரு வளையம். கழற்றி, கத்தியை வைத்துத் தட்டிப் பிளக்கிறார். பிளந்த முகத்தைப் பார்த்தால் குதிரை நிற்கிறது! வளையத்தைச் சுற்றிலும் பலகாரத் துண்டு போடுவதுபோலப் பிளக்கப் பிளக்க, அச்சு அசலாக ஒரே குதிரை வந்துகொண்டே இருக்கிறது. அவர் உளி பிடித்த நேரம் முழுவதும் அந்த வடிவம் அவர் கண்ணுக்கே தெரியாது. கைக்கு மட்டும்தான் தெரியும். பிறகு ஒவ்வொன்றுக்கும் காது, கால் செதுக்கி வண்ணம் பூசுவார்கள். போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் இதெல்லாம் குடிசைத் தொழில். வண்ணம் பூச வீட்டுக் குழந்தைகளும் உட்கார வேண்டியிருந்தது. பிற நாட்டுப் பிள்ளைகள் விளையாட, இந்த ஊர்ப் பிள்ளைகள் தூரிகை பிடித்தார்கள்.

மகள் அங்கே வாங்கிய பொம்மைகளை வீட்டு அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக வைத்தாள். தீக்குச்சிக் கனத்தில் கால்கள், ஊசிமுனைச் சிறகுகள். பேரன் கையை நீட்டி நீட்டிப் பார்த்தான். “நோ நோ, தொடக்கூடாது” என்றாள் மகள். எனக்கு அந்தத் தகரப்பெட்டி ஞாபகம் வந்தது. அடுத்த கிறிஸ்மஸுக்கு இவனுக்கு நானே ஒரு கழுதை செய்து அனுப்புவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஊர் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் தம்பி சிரித்தான். “மரப்பொம்மை ஊருக்கு நீ மரப்பொம்மை அனுப்பப் போறியா அக்கா? கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான்.” இருக்கட்டும். கொல்லன் தெருவிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு ஆச்சி இருப்பாள்.

மரத்துக்காக அம்பாசமுத்திரம் போனேன். சொப்புச் சாமானுக்குப் பேர்போன ஊர். எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு இல்லாமல் இராது. பள்ளிக் கண்காட்சிக்கு வாங்கப் போய்ப் பழக்கமான ஆசாரி ஒருவர் அங்கே இருக்கிறார்.

“கழுதையா கேட்டிய டீச்சர்? மணி, நட்சத்திரம்னா இப்பமே கடைஞ்சு தந்திருதேன். கிறிஸ்மஸுக்குக் கழுதையை யாரு கட்டித் தொங்க விடுவா?”

“எம் பேரன் விடுவான். நீங்க பலகை மட்டும் தாங்க அண்ணே, அறுப்பும் வண்ணமும் நான் பாத்துக்கிடுதேன்.”

என்ன பலகை என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தேக்கு கேட்டேன். “தேக்குல எண்ணெய் உண்டு, பெயின்ட் ஒழுங்காப் பிடிக்காது. வேம்பு, பிள்ளை வாயில வச்சா கசக்கும்” என்று தள்ளிவிட்டு, நன்றாகக் காய்ந்த மஞ்சள் கடம்புத் துண்டு ஒன்றை எடுத்துப் போட்டார். சொப்புக்குத் தொன்றுதொட்டு எடுக்கிற மரம் அது. மஞ்சள் பாய்ந்த நிறம், நெருக்கமான நார், கனமும் அதிகம் இல்லை. பச்சை மரமாக இருந்தால் தாமிரபரணிக்கரை ஈரத்தில் சும்மா இருக்கும். ஜெர்மனியில் ஹீட்டர் ஓடுகிற அறைக்குள் போனதும் வெடித்துவிடும், ஒட்டிய இடமும் விட்டுப்போகும். ஆகையால் ஒட்டு எதுவும் வேண்டாம், ஒரே பலகையில் முழுக் கழுதையும் வரட்டும் என்பது அவர் தீர்ப்பு. நான் காகிதத்தில் வரைந்து கொண்டுபோயிருந்ததை வாங்கிப் பலகைமேல் வைத்துப் பார்த்தவர், அதைத் திருப்பி வைத்தார்.

“நார் மேலேருந்து கீழ ஓடணும் டீச்சர். கால் நாரோட வரணும். குறுக்க வந்துச்சுன்னா மடக்குனு ஒடிஞ்சிரும்.”

பலகையின் நீளவாக்கில் படுத்திருந்த கழுதை எழுந்து நின்றது. இப்படி வைத்தால் காலுக்கும் காதுக்கும் நார் துணை. வயிறு குறுக்கே வந்தாலும் அது அகலமான பாகம், ஒடியாது. ஓவியம் மட்டும் கற்ற எனக்கு வடிவம் தெரியும். அந்த வடிவத்துக்குள் மரம் எந்தத் திசையில் நிற்கிறது என்பது ஆசாரிக்குத் தெரிந்தது.

அதன் பிறகு வடிவத்தையும் மாற்றினேன். பிள்ளைக்கு என்று ஒன்றைச் செய்தால் முதலில் அது அவன் வாய்க்குள் போகும் என்று வைத்துக்கொண்டுதான் வரைய வேண்டும். பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதிகளில் 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறு உருளையை அளவாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுக்க அடங்கிவிடுகிற எந்தத் துண்டும் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது. என் கழுதை ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவு, கனம் 15 மில்லிமீட்டர். தனித்தனியாக நான்கு கால் வேண்டாம் என்று முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரு தூண், பின்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரு தூண். காதுகளை நிமிர்த்தாமல் பின்னால் சாய்த்துப் பிடரியோடு ஒட்டிவிட்டேன். இந்தக் கழுதைக்கு யார் நினைத்தாலும் காதை உடைக்க முடியாது. ஒட்டுக்கண் கிடையாது, மணி கிடையாது, சரிகை கிடையாது. தொங்கவிட இரும்புக் கொக்கி திருகினால் ஒருநாள் கழன்று வரும். தோள்பட்டையில் ஒரு துளை போட்டுக் கெட்டியான பருத்தி நூலை, கழுத்தில் மாட்ட முடியாத அளவு குட்டையாக, கோத்துவிட்டேன். துளை எங்கே என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. கழுதையை இரண்டு விரலால் கவ்விப் பிடித்து, தலைபக்கமும் வால்பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குமேல் துளைக்க வேண்டும். இல்லாவிட்டால் மரத்தில் தொங்கும்போது மூக்கைத் தரையில் குத்தியபடி இருக்கும்.

மெல்லிய வாளால் வளைவுகளை அறுத்து, அரத்தால் ஓரங்களை மழுக்கி, உப்புத்தாளை எடுத்தேன். 120, 220, 400 என்று நம்பர் ஏற ஏற மரம் வழவழப்பாகும். அத்தோடு நிறுத்திவிடக் கூடாது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால், படிந்து கிடந்த நாரெல்லாம் மயிர்க்கூச்செறிந்ததுபோல் எழுந்து நிற்கும். அதன்மேல் இன்னொருமுறை 400 போட்டுத் தேய்த்தால்தான் நீர் கலந்த வண்ணம் பூசும்போது சொரசொரப்பு வராது. கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் வைத்துப் பார்த்தேன். விரலுக்கு அகப்படாத சிலாம்பு உதட்டுக்கு அகப்படும். பேரனின் வாய்க்கு முன்னால் என் வாய் பரிசோதிக்க வேண்டுமல்லவா?

வண்ணம் இன்னொரு பெரிய கேள்வி. வீட்டுப் பரணில் மிச்சம் கிடக்கும் எனாமல் டப்பாவை எடுத்துக் கடகடவென்று பூசுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். வீட்டுப் பெயின்ட்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் 2016இல் விதி வகுத்து, 2017 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய டப்பா என்றால் குழந்தைச் சாமான் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பழைய கதவு, ஜன்னல் பலகையை அறுத்துப் பொம்மை செய்வதிலும் இதே ஆபத்து உண்டு. பழைய வண்ணத்தைத் தேய்க்கும் தூசியில் காரீயம் பறக்கும். நான் குழந்தைகளுக்கு ஆகும் என்று அச்சிட்டிருந்த அக்ரிலிக் வண்ணம் வாங்கினேன்.

கழுதைக்குக் கறுப்பையும் வெள்ளையையும் கலந்து சாம்பல் நிறம் எடுத்தால் சுவர்ச் சிமெண்டு மாதிரி செத்துப்போய்த் தெரியும். பழுப்பில் அல்ட்ராமரின் நீலம் கொஞ்சம் விட்டு, அதன்பின் வெள்ளையைச் சேர்த்தால் உயிருள்ள சாம்பல் வரும். உடம்புக்கு அது. வயிறு, மூக்கு நுனி, கண்ணைச் சுற்றிய வளையம் மூன்றும் பால்வெள்ளை. கழுதையின் முதுகில் பிடரியிலிருந்து வால்வரை ஒரு கரும்பட்டை ஓடும்; தோள்பட்டையில் இன்னொரு பட்டை குறுக்கே இறங்கும். சேர்த்துப் பார்த்தால் சிலுவை. எருசலேமுக்குள் ஆண்டவரைச் சுமந்து போனதால் கிடைத்த அடையாளம் என்று மேல்நாட்டுக் கிறிஸ்தவர்களிடையே ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பட்டை உண்மை. எங்கள் தெருவில் வெளுப்பு மூட்டை சுமந்து வந்த கழுதைகளிலும் அதைப் பார்த்திருக்கிறேன். தம்பி நம்பவில்லை. அவனுக்குப் படம் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. நூல் கோக்கும் துளை சரியாக அந்தப் பட்டையில் வந்து உட்கார்ந்தது.

முதுகில் என்ன விரிப்பது என்று யோசித்தபோது பத்தமடைப் பாய் நினைவுக்கு வந்தது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர்தானே. கோரைப்புல்லின் வெளிர்மஞ்சளில், இரண்டு ஓரத்திலும் சிவப்பும் பச்சையும் கறுப்புமாகக் கரை ஓடும் பாய் ஒன்றை அதன் முதுகில் மடித்துப் போட்டேன். அந்தக் கரைக்குச் சுழியம் நம்பர் தூரிகை, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோடாக. ஒரு பக்கம் காய்ந்த பிறகுதான் மறுபக்கம். சுவரில் மாட்டுகிற பொருளுக்கு முன்பக்கம் போதும். கையில் எடுத்துத் திருப்புகிறவனுக்கு இரண்டு பக்கமும் கழுதையாகத்தான் இருக்க வேண்டும்.

கண் திறப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். பழுப்புப் பொட்டு, அதற்குள் கறுப்புப் பொட்டு, மேல்விளிம்பில் குண்டூசி முனையால் ஒரு துளி வெள்ளை. அந்த வெள்ளை விழும்வரை அது மரத்துண்டு. விழுந்த பிறகு நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

மேல்பூச்சுக்கு அவலரக்கு. கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்கும் அம்பாசமுத்திரத்துச் சொப்புகளுக்கும் மினுமினுப்பு தருவது அரக்குதான். பட்டறையில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். சென்னபட்டணத்தில் அதைத் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மரத்தில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும்கூட அதைப் பூசுகிறார்கள், ஆகவே வாய்க்குப் போனால் பயமில்லை. தட்டைக் கழுதையைச் சுழற்ற முடியாது என்பதால் ஸ்பிரிட்டில் கரைத்துத் தூரிகையால் பூசினேன். ஸ்பிரிட் அக்ரிலிக்கை இளக்கிவிடும். போன இடத்துக்குத் தூரிகை திரும்பிப் போகக்கூடாது. ஒரே இழுப்பு, அடுத்தது பக்கத்தில். இதற்கு அடியில் உள்ள வண்ணம் நன்றாக இறுகியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை. கைக்குக் காய்ந்துவிட்டதாகத் தெரிகிற வண்ணம் உள்ளே இளசாகவே இருக்கும். நாளைத் தள்ளிக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. காலடியில் பேரன் பெயரையும் வருடத்தையும் எழுதி, அதன்மேலும் ஒரு இழுப்பு.

பார்சலில் பொருளின் மதிப்பு எழுதச் சொன்னார்கள். தனியாள் தனியாளுக்கு அனுப்பும் பரிசு 45 யூரோவுக்கு உள்ளே இருந்தால் ஜெர்மனியில் சுங்கம் கிடையாது. பலகைக்கும் வண்ணத்துக்கும் ஆன செலவைக் கூட்டிப் போட்டேன். வரி கட்டவேண்டிய தொகை வரவில்லை.

கிறிஸ்மஸுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. மகள் வீடியோவில் வந்தாள். “அம்மா, எவ்வளவு அழகா இருக்கு! பத்திரமா மேல்தட்டுல வச்சிரட்டா?”

“ஏட்டி, மேல்தட்டுல வைக்கவா நான் கை வலிக்கத் தேய்ச்சேன்? மரத்துல கீழ்க்கிளையில கட்டு. அவன் பிய்ச்சு எடுக்கட்டும்.”

பிய்த்து எடுத்தான். எடுத்ததும் காதைக் கடித்தான். தரையில் இழுத்தான். சோபாவுக்கு அடியில் தள்ளி, தானே தவழ்ந்து போய் மீட்டுவந்தான். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து மரத்தைக் கழற்றிய பிறகும் கழுதை மட்டும் பெட்டிக்குள் போகவில்லை என்றாள் மகள். பாயின் கரை ஒரு பக்கம் தேய்ந்து, பிடரியில் பல்தடம் விழுந்திருக்கிறதாம். எனக்கு அதைவிட நல்ல பாராட்டுப் பத்திரம் தேவையில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஓவியம் சொல்லிக்கொடுத்தபோது எந்தப் படத்துக்கு என்ன மதிப்பெண் என்று தயங்கியிருக்கிறேன். இதற்குத் தயக்கம் இல்லை.

சிறு பிள்ளைக்கு அலங்காரப் பொருள் என்று ஒன்று கிடையாது. அவனுக்கு எல்லாமே விளையாட்டுச் சாமான்தான். தள்ளி நின்று ரசிப்பது பெரியவர்கள் பழகிக்கொண்ட பழக்கம். பண்டிகை அவன் ஞாபகத்தில் தங்குவது கண் வழியாக மட்டும் அல்ல, கை வழியாகவும்தான்.

ஆகவே, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இந்த வருடம் சவுக்குக்கிளையிலோ பிளாஸ்டிக் மரத்திலோ கீழ்வரிசையை அதற்கென்று ஒதுக்குங்கள். ஒரே ஒரு மரத்துண்டு போதும். நட்சத்திரம், மணி, ஆடு, கழுதை எதுவானாலும் சரி. ஓரத்தை மழுக்குங்கள், வாயில் வைத்தால் தீங்கு செய்யாத வண்ணம் பூசுங்கள், அடியில் பெயரும் வருடமும் எழுதுங்கள். மழைக்காலத்தில் வண்ணம் காய நாளாகும், அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.